கூண்டில் நின்று பேசிய நாலு நிமிஷம்

என் அக்கா புருஷன் முப்பது வருஷம் சினிமாவில் நடித்தார். ஒரு படத்தில்கூட அவர் குரல் இல்லை. ஆறடி உயரம், கதவு மாதிரி மார்பு. நீதிபதி, மில் முதலாளி, கதாநாயகியின் அப்பா என்று ஒரே கம்பீரமான வேஷங்கள். தொண்டை விஷயத்தில் மட்டும் கடவுள் கஞ்சத்தனம் பண்ணிவிட்டார். கீச்சுக் குரல். எல்லாப் படத்திலும் அவருக்கு டப்பிங் பேசியவர், அவர் தோளுக்குக்கூட எட்டாத ஒரு குரல்காரர். வீட்டுக்குப் போன் பண்ணுகிறவர்கள் அத்தானிடமே, "அம்மா, சார் இருக்காரா?" என்று கேட்பார்கள். அவரும், "வெளிய போயிருக்காரு" என்று வைத்துவிடுவார்.

ஐம்பத்தெட்டு வயதில், பொறுத்தது போதும் என்று அவரே கதை வசனம் எழுதி, அவரே தயாரித்து, அவரே நடித்தார். கடைசியில் ஒரு அப்பா கோர்ட்டுக் கூண்டில் நின்று நாலு நிமிஷம் பேசி, உடைந்து அழுவார். அந்த நாலு நிமிஷத்துக்காகத்தான் மிச்ச இரண்டு மணி நேரமும்.

"இதுக்கு நானேதான் டப்பிங். நாளைக்கு நான் இல்லாதப்ப பேரப்பசங்க போட்டுப் பார்த்தா, அதுல நான் இருக்கணும்ல?" என்றார். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

மூன்று நாள் வெந்நீராகக் குடித்து, மௌனவிரதம் இருந்து, பேசினார். தெரிந்தவர்கள் இருபது பேருக்குப் படத்தைப் போட்டுக் காட்டினோம். அக்கா காய்ச்சலில் படுத்திருந்ததால் வரவில்லை. கூண்டில் ஏறி அத்தான் வாயைத் திறந்ததும் முன்வரிசையில் ஒருவர் இருமினார். அது இருமல் இல்லை. அரை நிமிஷத்தில் அறையே குலுங்கியது. "யாருங்க இவருக்குக் குரல் குடுத்தது? படத்தையே கெடுத்துட்டான்" என்றார் இன்னொருவர். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அத்தானுக்குள் இருந்த நடிகருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவருக்குள் இருந்த தயாரிப்பாளர் எழுந்து, குரல்காரருக்குச் சொல்லி அனுப்பினார்.

டப்பிங் தியேட்டரில் அத்தான் பேசியிருந்ததைக் குரல்காரர் இரண்டு தடவை கேட்டார். "நிறுத்தி மூச்சு விடுறதெல்லாம் அருமையா இருக்கு சார். அத அப்படியே எடுத்துக்கறேன். நீங்க பக்கத்துலயே நில்லுங்க" என்றார்.

பேசினார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அழ வேண்டிய இடம் வந்தபோது, அவர் தொடங்குவதற்குள் பக்கத்தில் நின்ற அத்தான் தேம்பித் தேம்பி அழுதுவிட்டார். மைக் அத்தனையையும் வாங்கிக்கொண்டது.

"சாரிப்பா, கெடுத்துட்டேன். மறுபடி போகலாம்" என்றார் அத்தான்.

குரல்காரர் மைக்கை விட்டு நகர்ந்தார். "எதுக்கு சார்? இது எனக்கு வராது. இருக்கட்டும்."

ஒலிப்பதிவாளரும் தலையாட்டினார். இந்தச் சங்கதியை நாங்கள் வீட்டில் சொல்லவில்லை.

படம் வெளியான அன்று தியேட்டரில் யாரும் இருமவில்லை. கூண்டில் அந்த அப்பா உடைந்து அழுததும், அக்கா இருட்டில் சட்டென்று அத்தானின் கையைப் பிடித்தாள்.

"எப்பங்க அழுதீங்க? எங்கிட்ட சொல்லவே இல்லியே?"