இடது இருக்கையில் அடித்த மணி

பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாக நகர்கிறது. ஆக்சிலேட்டரைத் தொடவே வேண்டாம். நடைபழகும் குழந்தை சுவரை விட்டுவிட்டு வருவதுபோல் மெல்ல முன்னால் வரும். மலேசியாவின் கேமரன் மலைக்கு வந்து வருடங்கள் ஆகியும் ஆட்டோ கியர் கார்களின் இந்த ஒரு குணம் மட்டும் எனக்குப் பழகவில்லை. கோயம்புத்தூரில் நான் வேலை பார்த்த பட்டறையில் கிளட்ச் இல்லாத வண்டி எப்போதாவதுதான் வரும். கிளட்சை மிதித்தால் நிற்கும், விட்டால் போகும், தப்பாக விட்டால் அணைந்து மானத்தை வாங்கும். எல்லாமே நம் காலில் இருந்தது. இப்போது நான் வேலை பார்க்கும் ரிங்லெட்டிலோ மதியம் தாண்டினால் சாலையில் பனி இறங்கிவிடும். பட்டறை வாசலில் நின்றால், வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கார் சத்தமில்லாமல் ஊர்ந்து வரும். கண்ணாடிக்குப் பின்னால் முகம் தெரியாது. வந்த புதிதில் ஒவ்வொரு காரும் ஆளில்லாமல் வருவதாகவே நினைத்துத் தள்ளி நின்றிருக்கிறேன்.

காரணம் எனக்குத் தெரியாமலில்லை. எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவே எண்ணெய் நிரம்பிய ஒரு கிண்ணம் இருக்கிறது. கன்வெர்ட்டர் என்று பெயர். எஞ்சின் சுற்றினால் எண்ணெய் சுற்றும், எண்ணெய் சுற்றினால் சக்கரம் சுற்றப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவே இரும்புப் பிடிப்பு கிடையாது, ஆனாலும் ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டே இருக்கும். புத்திக்குப் புரிந்தது வயிற்றுக்குப் புரிய வேண்டுமே.

ஸ்டெல்லா அக்கா தன் காரைக் கொண்டுவந்ததும் அப்படித்தான், பனிக்குள்ளிருந்து. அவர் திரிங்காப்பில் பூ மொத்த வியாபாரம் செய்பவர். வீடு ரிங்லெட்டுக்குக் கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில். அப்பா அம்மா தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் இருந்தவர்கள், ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பம். லோரி ஓட்டுவதில் ஆண்களுக்குச் சளைத்தவர் இல்லை. கார் ஆஸ்திரேலியாவில் செய்தது, எட்டு சிலிண்டர், ஆட்டோ கியர், கறுப்பு. இறந்துபோன அவர் கணவர் ஜோசப் வாங்கியது.

"தம்பி, பசியாறியாச்சா?" என்றார். இங்கே காலை உணவை அப்படித்தான் கேட்பார்கள். பதிலுக்குக் காத்திருக்காமல் விஷயத்துக்கு வந்தார். "இந்தக் காடிய வேகமாக்கணும். கீழ ட்ரேக் ரேஸ் ஓடுறாங்கல்ல, அதுல ஒரே ஒரு ஓட்டம் ஓடணும். ஜோ ஓட்டின டைம்ம நான் தாண்டணும். தாண்டிட்டா வித்துடுவேன்."

இங்கே காரைக் காடி என்பார்கள். எங்கள் ஊரில் காடி என்றால் புளித்த தண்ணீர். முதல் வருடம் இதற்கே சிரித்துச் சிரித்து நல்ல பெயரைக் கெடுத்துக்கொண்டேன், இப்போது நானும் காடி என்றுதான் சொல்கிறேன்.

அக்காவுக்கு யோசனை சொல்ல ஆட்கள் நிறைய இருந்தார்கள். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் சூப்பர்சார்ஜர் போடு என்றார் ஒருவர், நைட்ரஸ் வாயு ஏற்று என்றார் இன்னொருவர். எல்லாம் வாய்ச்சவடால். இவ்வளவு உயரத்தில் காற்றே மெலிந்துதான் இருக்கிறது. இங்கே எஞ்சின் மூச்சு வாங்குவதைப் பார்த்து வைத்தியம் செய்தால் கீழே இறங்கியதும் தப்பாகிப் போகும். ட்ரேக் ரேஸ் என்கிற நேர்ப்பாதைப் பந்தயத்தில் ஆட்டோ கியர் காரின் தலைவிதி புறப்படும் இடத்தில் தீர்மானமாகிறது. சக்தியைக் கூட்டுவதற்கு முன்னால் இருக்கிற சக்தியைத் தரையில் இறக்கத் தெரிய வேண்டும். அதனால் முதலில் பின்சக்கரங்களுக்குப் பசைபோல் ஒட்டும் பந்தய டயர் என்றேன். அடுத்தது கன்வெர்ட்டர். பழையதில் எஞ்சின் சோம்பலாக இருக்கும்போதே கார் கிளம்பிவிடும். புதியதில் பிரேக்கை மிதித்தபடி எஞ்சினை நன்றாக முடுக்கி, அது முழு வேகத்தில் இருக்கும்போது விடலாம். அது எண்ணெயைக் கொதிக்க வைக்கும், ஆகவே கியர் எண்ணெய்க்குத் தனிக் குளிர்விப்பான். பிறகு கிளம்பும் இழுவையைக் கூட்ட, பின் அச்சில் குட்டையான பல்சக்கரம். கடைசியாக, காசே செலவில்லாத வேலை: பாரத்தைக் குறைப்பது. உபரி டயர், பின்சீட், கூடவே இடது பக்க முன்சீட். ஆள் இல்லாத சீட்டை எதற்குச் சுமக்க வேண்டும்?

எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர் கடைசியில் நிறுத்தினார்.

"முன் சீட்டு இருக்கட்டும்லா."

"அதுதாங்க்கா நல்ல கனம். எடுத்தா டைம் கொறையும்."

"இருக்கட்டும் தம்பி."

வாடிக்கையாளர் பிடிவாதம் எனக்குப் புதிதல்ல. சரி என்று விட்டுவிட்டேன்.

அந்தக் காரில் வேலை செய்த நாட்களில் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. கழற்றிய இடத்திலெல்லாம் சேறு. கதவின் அடிப்பெட்டியில், கம்பளத்துக்குக் கீழே, விளக்குக் குழிக்குள் காய்ந்து மாவாகிக் கிடந்தது. துடைத்த இடத்தில் மறுநாளும் ஒரு மெல்லிய படலம் இருக்கும். இன்னொன்று, வண்டியைக் கிளப்பினால் இடது இருக்கைக்கு பெல்ட் போடச் சொல்லி மணி அடிக்கும். ஆள் உட்கார்ந்தால் அடிக்க வேண்டிய மணி. இருக்கை காலி. டிங், டிங் என்று, அவசரமே இல்லாமல். பட்டறையில் நான் தனியாக இருக்கும்போது அது அடித்தால் ஸ்பானரைக் கீழே வைத்துவிடுவேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பேன்.

புதிய கன்வெர்ட்டரைச் சோதிக்கத் தேயிலைத் தோட்டத்துத் தனிச்சாலையில் ஒரு மதியம் அனுமதி வாங்கினோம். அக்கா ஓட்டினார். நான் தொழிற்சாலை வாசலில் காவலாளியோடு நின்றேன். பனி தேயிலைச் செடிகளின் மேல் படுத்திருந்தது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் தலைகளாக மட்டும் தெரிந்தார்கள். எஞ்சின் உறுமியது, நின்றது, பிறகு ஒரே பாய்ச்சல். கார் எங்களைத் தாண்டிப் போய் பனிக்குள் மறைந்து, மெல்ல ஊர்ந்து திரும்பியது. அக்கா இறங்கி வந்தார்.

காவலாளி என்னிடம் கேட்டார்: "கூட இருந்த அண்ணன் எறங்கலையா?"

என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "நான் போகலைங்க, இங்கதானே நின்னேன்" என்றேன்.

"நீங்க இல்லலா. வெள்ளச் சட்ட போட்டவரு."

சீட்டின் தலைப்பகுதியைப் பனியில் ஆளாகப் பார்த்திருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இருக்கையின் தோல் கறுப்பு. அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

அன்று மாலையே அந்த மணிக்கு ஒரு முடிவு கட்டினேன். எங்கள் ஊரில் பெல்ட் போடாதவர்கள் எல்லாரும் செய்வதுதான். பெல்ட் நுழையும் துளையில் வெறும் கொக்கியைச் சொருகிவிட்டால் கார் ஏமாந்து வாயை மூடிக்கொள்ளும். சாமி படம் அச்சடித்த கொக்கிகள் கோவையில் கார் சாமான் கடைகளில் கொத்தாகத் தொங்கும். வாடிக்கையாளருக்குத் தொந்தரவு இருக்கக் கூடாதென்று கேட்காமலேயே சொருகிக் கொடுப்பது எங்களுக்கு வழக்கம். என் ஸ்பானர் பெட்டியில் ஒன்று கிடந்தது. சொருகினேன். டக் என்று ஒரு சத்தம். மணி நின்றது. நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

மறுநாள் அக்கா வந்து வண்டியைக் கிளப்பினார். நான் பாராட்டை எதிர்பார்த்துப் பக்கத்தில் நின்றேன். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் அசையாமல் இருந்தார். பிறகு இடது பக்கம் குனிந்து பார்த்தார்.

"இது என்னா தம்பி?"

விளக்கினேன். அவர் அந்தக் கொக்கியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பெர்த்தாம்ல சேத்து வெள்ளம் எறங்குன அன்னிக்கி இந்தக் காடிய மேட்டுக்கு எடுத்துட்டு வரேன்னு போனாரு. ரெண்டு நாள் கழிச்சிதான் தோண்டி எடுத்தாங்க. ஜோ டிரைவர் சீட்ல இல்ல. இந்தப் பக்க சீட்ல இருந்தாரு. தப்பிச்சி வெளிய வரதுக்காக நவுந்து வந்திருக்காரு." இருக்கையின் ஓரத்தைத் தடவினார். "ரேஸ் தவிர எப்பவும் என்னைய ஓட்டச் சொல்லிட்டு அந்தப் பக்கம் உக்காருவாரு. பெல்ட்டு போட மாட்டாரு. மணி அடிச்சிக்கிட்டே போவோம். நான் ஏசுவேன். காடிய மறுபடி ஓட வச்ச நாள்லேந்து அது அடிக்கிது. அடிக்கட்டும்னு இருந்தேன்."

கொக்கியைப் பிடுங்கி எறிந்தேன். வண்டியை அணைத்துக் கிளப்பினேன். மணி அடிக்கவில்லை. இருக்கைக்கு அடியில் இருந்த உணரியைக் கழற்றி மாட்டினேன், ஒயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. நானே அந்த இருக்கையில் உட்கார்ந்தேன். உடனே மணி அடித்தது. எழுந்தேன், நின்றுவிட்டது. முன்பு ஈரம் ஏறியதால் அடித்தது, இப்போது காய்ந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் அந்த வாரம் முழுக்க விடாத மழை. காய்வதற்கு இந்த மலையில் என்ன இருக்கிறது?

அக்கா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. பட்டறைக் கதவருகே நின்று, "கழட்டிருங்க தம்பி. இப்ப வெறும் சீட்டுதானே" என்றார். முன்பு நானே கேட்டதை இப்போது செய்ய எனக்குக் கை வரவில்லை. நான்கு போல்ட்டுகளையும் கழற்றும்போது அழுதேன். அவரே அந்தச் சீட்டைத் தன் லோரியில் ஏற்றி, பூப்பெட்டிகளோடு வீட்டுக்குக் கொண்டுபோனார்.

பந்தயத் தடம் கீழே சமவெளியில். காரை லோரியில் ஏற்றி இறக்கினோம். அந்த வெயிலில் நின்றதும் எனக்குச் சொந்த ஊர் வந்துவிட்டதுபோல் இருந்தது. கோகிலாவுக்குப் போன் செய்தேன். ஊரில் இருக்கும் என் மனைவி. "உங்க பைக்க வித்தறலாமுங்களா? நிறுத்த எடமே இல்ல" என்றாள். வித்துவிடு என்றேன். அவள் உடனே சரி என்றது எனக்குச் சுருக்கென்றது.

அக்கா முறைப்படி டயரைச் சுழற்றிச் சூடாக்கினார். கோட்டில் நின்றார். பிரேக்கில் ஒரு கால், ஆக்சிலேட்டரில் ஒரு கால். கார் முழுக்க நடுங்கியது. பச்சை விளக்கு விழுந்ததும் பின்பக்கம் அமுங்கி, கார் சக்கரம் வழுக்காமல் அம்பாகக் கிளம்பியது. நான் தேர்ந்தெடுத்த ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்தது. பலகையில் எண் வந்தது. ஜோசப்பின் நேரத்தைவிடக் குறைவு, சந்தேகமே இல்லாமல் குறைவு. நான் குதித்தேன், கத்தினேன். அக்கா ஊர்ந்து திரும்பி வந்து கண்ணாடியை இறக்கினார்.

"தாண்டிட்டேன்லா" என்றார். யாரையோ பின்னால் விட்டுவிட்டு வந்தவரின் குரலாக இருந்தது.

வாங்குகிறவர் சீட் இல்லாமல் எடுக்கமாட்டார். அதனால் ரிங்லெட்டில் காரை இறக்கி சாதா டயரைப் பூட்டியதும், பெர்த்தாமில் அவர் வீட்டிலிருக்கும் சீட்டைத் திரும்ப மாட்டித்தர, அக்கா ஓட்ட நானும் அதே காரில் போனேன். இடது பக்கம் உட்கார இடமில்லை. முட்டைக்கோஸ் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். மாலைப் பனி சாலையை விழுங்கியிருந்தது. இறக்கத்தில் ஒரு வளைவு. பனிக்குள்ளிருந்து காய்கறி லோரி ஒன்று முகத்துக்கு நேரே வந்தது. அக்கா பிரேக்கை அழுத்தினார். ஆட்டோ கியரில் இடது கைக்கு வேலை இல்லை. அந்தக் கை தானாக நீண்டு வந்து என் மார்பைத் தாங்கிப் பிடித்தது.

"புடிச்சிக்க ஜோ" என்றார், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

லோரி எங்களை உரசாமல் போய்விட்டது. கை அங்கேயேதான் இருந்தது. நான் ஜோ இல்லை, கோயம்புத்தூர்க்காரன் என்று சொல்ல வாயெடுத்தேன். அங்கே என் பைக் நின்ற இடத்தை இந்நேரம் பெருக்கித் தண்ணீர் தெளித்திருப்பார்கள். பெட்டியின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ம்" என்றேன்.