ஏரி முழுக்கச் சிவப்பு

அன்று ஊருக்குப் போகப் பொன்னேரியில் பஸ் மாறியபோதே சந்தேகம் ஆரம்பித்துவிட்டது. அந்தப் படத்தைச் சேமித்தேனா, இல்லையா?

எண்பதுகளின் கடைசி அது. சென்னையில் ஒரு சின்ன வீடியோ கம்பெனியில் கம்ப்யூட்டரில் படம் போடும் வேலை எனக்கு. பழவேற்காடு ஏரியில் எந்த ஊர் எப்போது எந்த இடத்தில் வலை போடலாம் என்கிற முறையைப் பாடு என்போம். அதில் எங்கள் குப்பத்துக்கும் பக்கத்துக் குப்பத்துக்கும் ஓயாத சண்டை. முறை மாறுவதைப் படம் ஓட்டிக் காட்டினால் தகராறு தீரும் என்று ஓர் அதிகாரிக்குத் தோன்றியது; அந்த வேலை எங்கள் கம்பெனிக்கே வந்தது. ஏரி நடுவே ஒரு கோடு. எங்கள் பக்கம் சிவப்பு, அவர்கள் பக்கம் நீலம். முறை மாறும்போது நிறமும் இடம் மாறும்.

படம் முழுக்கப் புள்ளிகள்தான். கோட்டுக்கு உள்ளே ஓரிடத்தைத் தொட்டால் நிறம் தானாகப் பரவி நிரம்பும். கோட்டில் ஒரே ஒரு புள்ளி விட்டுப்போனாலும் போச்சு, அடுத்த பக்கத்துக்கும் ஓடிவிடும். வரைந்திருந்த ஒரு படகை அழித்தபோது நான் கோட்டிலும் ஒரு புள்ளியை அழித்திருக்கிறேன். ஏரி முழுக்கச் சிவப்பாகிக் கிடந்ததைக் கவனிக்காமல் சேமித்தும் வைத்துவிட்டேன். மறுநாள் பார்த்துப் பதறி, பெரிதாக்கி, புள்ளி வைத்து, நீலம் நிரப்பினேன். சேமிக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போனது, பாழாய்ப்போன கரண்ட்! கரண்ட் திரும்பி, நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முதலாளி எல்லாவற்றையும் டேப்பில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது கோயில் முன்னால் வாடகைக் கலர் டிவியும் வீடியோ டெக்கும் வைத்திருந்தார்கள். இரண்டு குப்பத்து ஆட்களும் மணலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நேராக அப்பாவிடம் போனேன்.

"நைனா, படத்துல ஒரு தப்பு இருக்குமோன்னு பயமா கீது."

"சும்மா இரு. ஊரே உன்னப் பத்திதான் பேசினு கீது" என்றார். முகத்தில் அத்தனை பெருமை.

படம் ஓடியது. முதல் முறை சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவதில் திரை முழுக்கச் சிவப்பு. எங்கள் ஆட்கள் விசில் அடித்தார்கள், மடையர்கள். எதிர்ப்பக்கம் ஒருவர் எழுந்து டெக்கை நிறுத்தச் சொன்னார்.

"இன்னாபா இது? ஏரியே உங்களுதா? பண்ணது உம் பொண்ணுதானே?" என்று நைனாவைக் கேட்டார்.

நான் கோடு, புள்ளி, கரண்ட் என்று என்னென்னவோ சொன்னேன்.

"ஒரு புள்ளிக்கு ஏரியே போய்டுமா? யாரு காதுல பூ சுத்துற?"

உண்மையைச் சொல்லியும் பொய்க்காரியாக நிற்பது எவ்வளவு கேவலம்!

நைனா எழுந்தார். "எம்பொண்ணு பொய் சொல்லமாட்டா. உங்களுக்கு நம்பிக்க வரணும், அவ்ளோதானே? அடுத்த மொற எனக்கு வர எடத்துல நீங்க வல போட்டுக்கங்க."

"வேணாம் நைனா!" என்று கத்தினேன். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. எதிர்ப்பக்கத்து ஆள் சரியென்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

அந்த முறை வந்தபோது நான் சென்னையில் இருந்தேன். எங்கள் இடத்தில் அன்று இறால் அப்படிப் பட்டதாம். பாரம் தாங்காமல் அவர்கள் படகு கரையேறத் திணறியபோது, நைனாவே தண்ணீரில் இறங்கி இழுத்துக் கொடுத்தாராம். அடுத்த தடவை ஊருக்குப் போனபோது அம்மா சொன்னாள்.

"உங்கப்பனுக்குப் பைத்தியம்" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.