நாற்பத்தொன்றாம் எண்ணின் கோடு

எண்பதுகளின் கடைசியில் எனக்கு ஒரே பைத்தியம்: மாட்டின் கருவைக் கலைத்து மனிதருக்கும் தொற்றும் கன்றுவீச்சு நோய்க் கிருமியின் புரதங்கள். பழைய சோதனையில் முழுக் கிருமியோடு ரத்தத்தின் தெளிநீரான சீரத்தைச் சேர்த்து, திரிகிறதா என்று பார்ப்போம்; திரிந்தால் நோய். பல நேரம் அது காலை வாரிவிடும். காட்டிக்கொடுக்கும் புரதம் எது என்று தெரிந்தால் போதும், நோய் தப்ப முடியாது.

மாரமங்கலம் என்ற மலைக்கிராமத்தில் ரத்தம் எடுத்த அன்று ஒரு பெண் என்னை விடவே இல்லை.

“ஏனுங்க டாக்டரம்மா, எட்டு மாசமா காச்சல் வருது, போவுது. இடுப்பு நொம்ப வலிக்குதுங்க. ஊட்டுல மாமியா, வேலைக்கு டிமிக்கி குடுக்கறேன்னு பேசுது. என்னன்னு கண்டுபுடிச்சுச் சொல்லுங்க.”

“காய்ச்சாத பால் குடிப்பீங்களா?”

“பாலெல்லாம் வித்துருவோமுங்க. எங்களுக்கு வரக்காப்பிதான்.”

பழைய சோதனையில் அவருடைய சீரம் திரியவில்லை. எனக்கோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நோட்டில் அவருடைய நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு நேராக ‘நலம்’ என்று எழுதி, நோயில்லாதவர்கள் வரிசையில் அவரைச் சேர்த்துவிட்டேன்.

ஆய்வுக்கூடத்தில் கிருமியின் புரதங்களை அளவு வாரியாகப் பிரித்து, மெல்லிய தாளில் படியவைத்து, நாடா நாடாக வெட்டினேன். ஒரு நாடாவுக்கு ஒருவர் சீரம்; கிருமியை எதிர்த்த சீரம் என்றால் புரதத்தில் ஒட்டிக் கோடு போடும். நோய் உறுதியானவர்களின் நாடாக்களில் எல்லாம் ஒரே இடத்தில் பழுப்புக் கோடு! நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தேன். நோயில்லாதவர்களின் நாடாக்கள் வெறுமையாக இருந்தன. நாற்பத்தொன்றில் மட்டும் அதே கோடு.

“யார் இந்த நாடாத் தட்டை ஒழுங்காகக் கழுவாதது?” என்று கத்தினேன். கழுவியது நான்தான். மறுபடி செய்தேன், கோடு வந்தது. மூன்றாம் முறையும் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அம்மாள் சொன்ன காய்ச்சல் நிஜம். சந்தோஷத்தோடு நாடாவை ஓர் உறையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் அடிவாரத்திலிருந்து மலையேறிய பஸ் உருண்ட வேகத்துக்கு, இறங்கித் தள்ளலாமா என்றிருந்தது. மாரமங்கலத்தில் அவருடைய மாட்டுக் கொட்டகைக்கே போய் நின்றேன்.

“உங்க மாடு கன்னு வீசுச்சா?”

“ஆமாங்க, போன வருசம். நஞ்சுக்கொடி விழுகாம நின்னுபோச்சு. நாந்தான் கைய உட்டு இழுத்து, சாக்குல சுத்தி அத்திமரத்துல கட்டினேன். பால் வடியற மரத்துல கட்டினாத்தானுங்க மாடு நல்லாக் கறக்கும்.”

அட கடவுளே! பாலைப் பற்றிக் கேட்ட நான் கையைப் பற்றிக் கேட்கவில்லை.

“கிருமி அதுலதான் இருந்திருக்கு. ஆறு வாரம் மாத்திரை சாப்பிடணும், குணமாகிடும்” என்று நாடாவைக் காட்டினேன்.

மாத்திரையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. “அத்தே, ஓடியாங்க! இது என்ற காச்சலுங்க, பாருங்க!” என்று கூவினார்.

மாமியார் வந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

“நாங்க யாருமே நம்பலீங்க சாமி. நீங்களாச்சும் அன்னிக்கே நம்புனீங்களே.”

“இல்லீங்கம்மா, நானும் நம்பல” என்று சொல்லி நோட்டை எடுத்து, ‘நலம்’ என்பதை அவர்கள் முன்னாலேயே அடித்தேன்.