கணவன் கணக்கில் பதினான்கு

நாற்பது காலாண்டு. அதாவது பத்து வருட உழைப்பு. கிரீன் கார்டு கைக்கு வந்து ஐந்து வருடம் ஆகாதவர்கள் அரசின் உணவு உதவியைப் பெற இவ்வளவு உழைத்திருக்க வேண்டும். நெப்ராஸ்காவின் மாட்டிறைச்சி ஆலை ஊரொன்றில் வாழும் எடெல்மிராவின் பெயரில் இருப்பது இருபத்தாறுதான்.

அது கார்டுக்கு முன்பிருந்தே வொர்க் பர்மிட்டில் ஆலையில் எலும்பிலிருந்து இறைச்சியை அறுத்தெடுத்த ஆறரை வருடம். மணிக்கட்டு போனதும் அனுப்பிவிட்டார்கள். அதற்கு முன், ஆலைக்குப் போன பெண்களின் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்தாள். பீன்ஸும் சோறும் ஊட்டித் தூங்கவைத்தாள். வேலைக்குப் போனவர்களுக்குக் காலாண்டு ஏறியது. வரிக்கணக்கில் வராமல் கையில் காசு வாங்கிய இவளுக்கு ஏறவில்லை.

கணவன் உழைத்ததையும் மனைவிக்குச் சேர்த்து எண்ணலாம் என்பதால், குறைந்த பதினான்கும் கணவன் ரிகோபெர்த்தோவின் உழைப்பிலிருந்து வந்தது. அவன் மூன்று வருடம் முன்பே கான்சாஸில் வேறொருத்தியோடு குடியேறிவிட்டான். போன வாரம் விவாகரத்துப் பத்திரம் அனுப்பினான். சனியன் தொலைந்தது என்றுதான் நினைத்தாள். கையெழுத்திடும் முன் கேட்டுவிடலாமென்று எடெல்மிரா தோழி நோவேமியையும் கூட்டிக்கொண்டு உதவி அலுவலகத்துக்குப் போனாள்.

"இதுல கையெழுத்துப் போட்டா எனக்கு வர்றது நிக்குமா?"

அதிகாரி திரையைப் பார்த்தபடியே சொன்னார். "இப்ப உள்ள அனுமதி முடியறவரைக்கும் வரும்மா. அடுத்த தடவை பாக்குறப்ப அவரோட காலாண்டு கழிஞ்சிடும். விவாகரத்து ஆனா அதைச் சேக்க முடியாது."

"அவன் செத்துட்டா?"

அதிகாரி நிமிர்ந்தார். "செத்துட்டா கழியாது. விதவைக்கு உண்டு."

"கேட்டியாடி?" என்றாள் நோவேமி. "கையெழுத்தெல்லாம் எதுக்கு? ஒரு பானை சூப் வச்சு கான்சாஸுக்கு அனுப்பு."

எடெல்மிரா சிரிக்கவில்லை. "பதினேழு வருஷம் விடியறதுக்குள்ள எந்திரிச்சு அந்த ஆளுக்குச் சாப்பாடு கட்டிக் குடுத்தேன். அந்தக் காலாண்டுல பாதி என்னோடது. அந்தப் பொறுக்கிக்குப் பொண்டாட்டியா இருந்தா சோறு, இல்லைன்னா பட்டினியா?"

"சட்டத்தை நான் எழுதலம்மா."

"வந்து கேக்குறவங்களுக்கு வாசிச்சுக் காட்டுறது நீங்கதான?"

அதிகாரி அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

வண்டி நிறுத்துமிடத்தில் நோவேமி கையைப் பிடித்தாள். "போடாதடி. இழுத்தடி. உன் கார்டுக்கு அஞ்சு வருஷம் ஆகட்டும்."

"அதுவரைக்கும் அவன் பேரை வச்சுத் திங்கணுமா? பேனாவைக் குடு."

காரின் பானெட்டில் பத்திரத்தை வைத்துக் கையெழுத்திட்டாள். அன்று மாலையே தபாலில் சேர்த்தாள்.

உணவு உதவிக்கு இப்போதுள்ள அனுமதி அக்டோபரில் முடிகிறது. கிரீன் கார்டுக்கு ஐந்து வருடம் நிறைய அதன் பிறகும் இரண்டு வருடம் இருக்கிறது.