அச்சில் ஏறிய தேதி

மாலத்தீவுப் பள்ளியொன்றில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வேலை கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்தது. அதுதான் விசா என்று அப்பா ராஜபாளையம் முழுக்கச் சொல்லிவிட்டார். விசா இனிமேல்தான் வர வேண்டும் என்று நான் விளக்குவதற்குள் சிவகாசியில் கொடுத்து, என் போட்டோவோடு வழியனுப்பு விழா நோட்டீஸே அடித்தாகிவிட்டது. அச்சில் ஏறிய தேதியைத் தள்ளிப்போட்டால் அவர் மானம் போய்விடுமாம்.

தேதி வந்தது, விசா வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஆளாளுக்கு மாலை போட்டார்கள். கடல் தாண்டினாலும் ஊரை மறக்கக் கூடாது என்று மில் முதலாளி ஒருவர் கண் கலங்கினார். நான் கடலையெல்லாம் தாண்டவில்லை. அரை மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி அக்கா வீட்டுக்குள் நுழைந்துகொண்டேன்.

இருபது நாள் அங்கேதான் என் வெளிநாட்டு வாழ்க்கை. ராஜபாளையத்துக்காரர் யார் கண்ணிலாவது பட்டுவிடுவேன் என்று அக்கா என்னை வாசல் பக்கமே விடவில்லை. முடிவெட்டக்கூடப் போகாமல் சாமியார் மாதிரி ஆகிவிட்டேன்.

ஒருநாள் மத்தியானம் அப்பா வந்து, சட்டைப் பையிலிருந்து விசாவை எடுத்து நீட்டினார்.

"ஏலே, சீக்கிரம் கெளம்பு. நீ அங்கருந்து போட்டதா மூணு லெட்டர் எழுதித் தெருவுல படிச்சுக் காட்டிட்டேன். இனிமே எழுத எங்கிட்ட விஷயம் இல்ல."