மாடு இல்லாத வீட்டில் புல்

“மாடே இல்லாத ஊட்டுல புல்லு எதுக்குங்க சாமி?”

ஆவணி மாதக் கடைசியில் ராமாயி என்னைக் கேட்ட கேள்வி இது. இப்போது ஐப்பசி. இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீல் எதைக் கேட்டாலும் ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளிக்கிறவன் நான். இதற்கு மட்டும் வாய் திறக்க முடியவில்லை.

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கும் நேயர்களுக்கு, நான் நாமக்கல்லில் வக்கீல் தொழில் பார்க்கிறவன் என்பது தெரியும். வீட்டு வாசலில் லான் வைத்திருக்கிறேன் என்பது தெரியாது. கேட்டால் சிரிப்பீர்களே என்று எழுதாமல் இருந்தேன்.

லான் என்றால் என்ன? வீட்டுக்கு முன்னால் இருக்கும் நல்ல மண்ணில் காய்கறி போடாமல், பூச்செடி வைக்காமல், வெறும் புல்லை வளர்க்க வேண்டும். அதை மாடு மேய்ந்துவிடாமல் காவல் காக்க வேண்டும். வளர்ந்ததும் வெட்டி எறிய வேண்டும். பிறகு மறுபடி வளர்வதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். துரைமார் பங்களாக்களில் பார்த்திருப்பீர்கள். நம் ஊர் வெயிலைத் தாங்கி அப்படிப் படரக்கூடிய புல் ஒன்றுதான் — அருகம்புல். பிள்ளையாருக்கு வைக்கிறோமே, அதேதான்.

ஆசை என்னுடையதல்ல. என் மனைவி வள்ளியம்மாளுடையது.

அவள் பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள். எட்டாவது வரை படித்தவள். ஊர்ப் பெண்கள் வாரம் ஒரு நாள் கூடி உட்கார வேண்டும், பத்திரிகையை ஒருத்தி உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்க வேண்டும், அதற்கு ஒரு மாதர் சங்கம் வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் பிடிவாதம். சித்திரையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் முதல் கூட்டம் போட்டாள். மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தி வாசற்படியைத் தாண்டவில்லை. இன்னொருத்தி தாண்டினாள், உட்காரவில்லை. மூன்றாமவள் உட்கார்ந்தாள், தண்ணீர் குடிக்கவில்லை. யார் வீட்டுக்குள் யார் நுழையலாம், யாருக்குப் பக்கத்தில் யார் உட்காரலாம் என்ற விவகாரம் நம் ஊரில் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்கு மாலை வள்ளி என்னிடம் வந்து நின்றாள்.

“ஏனுங்க, ஊட்டுக்குள்ள கூப்பிட்டாத்தானே இத்தனை வம்பு? வெளியில புல்லு மேல உக்கார வெச்சா? புல்லு யாரு ஊடுமில்லீங்களே!”

எப்படி யோசனை? நான் பத்து வருஷம் வக்கீல் தொழில் பார்த்து ஒரு நாளாவது இப்படி ஒரு பாயிண்ட் எடுத்ததில்லை. மறுநாளே வாசலில் மண்ணைக் கொத்தச் சொன்னேன்.

கிணற்றுத் தண்ணீரில் அருகு வந்தது. ஆனால் அது தனியாக வரவில்லையே... கூடவே என்னென்னவோ வந்தது! கீரையோ நெருஞ்சியோ முளைத்தால் வித்தியாசம் தெரியும், பிடுங்கிப் போடலாம். புல்லுக்குள் புல்லே களையாக வந்தால்? எல்லாம் பச்சை, எல்லாம் நீளம். சென்னையிலிருந்து இங்கிலீஷ் தோட்டப் புத்தகம் ஒன்றைத் தருவித்தேன். களைப்புற்களுக்கு என்றே படம் போட்டு ஒரு அத்தியாயம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் தரையில் குப்புறப் படுத்து, படத்தையும் புல்லையும் மாறி மாறிப் பார்த்தேன். சீமைக் களையில் ஒன்றுகூட நாமக்கல்லுக்கு வந்து சேரவில்லை. வீதியில் போன ஒருவர் நின்று, “என்னங்க, எதையாச்சும் தொலைச்சுப்போட்டீங்களா?” என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இதற்கிடையில் வள்ளி கூட்டத்துக்கு நாள் குறித்துவிட்டாள். அந்த வார வெள்ளிக்கிழமை. ‘புல்தரையில் கூட்டம்’ என்று சொன்னதில் பலர் வர ஒப்புக்கொண்டிருந்தார்கள். பெரிய பண்ணை பழனியம்மாள்கூட வருவதாகச் சொல்லியிருந்தார். ஊரில் பாதிக் காடு, அதாவது பாதிப் புன்செய் நிலம், அவர்கள் குடும்பத்துடையது. அவர் வந்தால் மற்றவர்களும் வருவார்கள். அவர் எழுந்தால் மற்றவர்களும் எழுந்துவிடுவார்கள்.

சரி, இனிப் புத்தகத்தை நம்பிப் பயனில்லை என்று ராமாயியைக் கூப்பிட்டு அனுப்பினேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். பண்ணைக் காடுகளில் களை எடுக்கிற கூலிக்காரி. களை எடுப்பதில் அவளை மிஞ்ச இந்த வட்டாரத்தில் ஆள் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். கோர்ட்டுக்குப் புறப்படும்போது அவளிடம் உத்தரவு கொடுத்தேன்.

“களையை எல்லாம் எடுத்துப்போடு. நல்ல புல்லை மட்டும் உட்டுரு.”

ஒரு வக்கீல் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

சாயங்காலம் வந்து பார்த்தால் — லான் எங்கே? கொத்திப் பொடியாக்கிய செம்மண் பளிச்சென்று கிடந்தது. நடுநடுவே முழங்காலளவுப் புதர்கள் ஏழெட்டு, நல்ல பூங்கதிரோடு காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. மதில் ஓரத்தில் மலை போல அருகம்புல் குவிந்திருந்தது. களைக்கொத்தைக் கழுவிக்கொண்டே ராமாயி நிமிர்ந்தாள். முகத்தில் அப்படி ஒரு திருப்தி!

“அருகை ஒரு கணு உடாம எடுத்துப்போட்டேனுங்க சாமி. முழங்கை ஆழத்துக்கு ஓடியிருந்துச்சுங்க. இத்தனை நாளா எப்படித்தான் உட்டுவெச்சிருந்தீங்களோ!”

“ஐயோ... நல்ல புல்லை விடச் சொன்னேனே!”

“உட்டிருக்கறேனுங்களே! கொழுக்கட்டைப்புல்லுங்க. மாடு இதைக் கண்டா கயித்தை அத்துக்கிட்டு வருமுங்க.” சுற்றும் முற்றும் பார்த்தாள். “ஏனுங்க, மாடு எங்கீங்க?”

“மாடு இல்லை.”

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

இதில் அவள் தப்பு என்ன? நம் பக்கத்துக் குடியானவர்களுக்குப் புல் என்றால் மாடு தின்பது. கொழுக்கட்டைப்புல்லை மேய்ச்சலுக்காகக் காட்டில் பாதுகாத்து வளர்ப்பார்கள். அருகு அவர்களுக்கு ஜன்ம விரோதி. ஒரு கணு மண்ணில் தங்கினால் போதும், மறு மழைக்குக் காடு முழுவதும் ஓடி, விதைத்ததை எழவிடாது. அதை ஒழிக்கவே அவர்களுக்கு ஆயுசு போதாது. நானும் குடியானவன் வீட்டில் பிறந்தவன்தான். ஆனால் சேலத்து ஹாஸ்டலிலும் சென்னையிலும் வளர்ந்ததில், என் தகப்பனார் எந்தப் புல்லோடு ஆயுசெல்லாம் மல்லுக்கட்டினார் என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது. ‘நல்ல புல்’ எது என்று சொல்லாமல் பத்திரம் எழுதினால் கேஸ் தோற்கும் என்று கட்சிக்காரர்களுக்கு உபதேசம் செய்கிறவன், என் வாசலிலேயே அதைச் செய்தேன்.

கூட்டத்துக்கு அழைக்கப் போயிருந்த வள்ளி அந்த நேரத்தில் திரும்பி வந்தாள். வாசல் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன்.

“ஊட்டுக்குள்ள வெச்சா யாரும் வரமாட்டாங்க. இப்பக் கூட்டமே இல்லைன்னு சொன்னா, அப்புறம் எப்பவுமே வரமாட்டாங்க” என்று மட்டும் சொன்னாள். எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ராமாயி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். புல் உட்காருவதற்காக என்றதும் முதலில் அவள் நம்பவில்லை. நம்பியதும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

“எனக்குத் தெரியாதுங்களே அம்மிணி! பொம்பளைங்க எல்லாம் ஒண்ணா உக்காரவா? அதுக்குன்னு சொல்லியிருந்தா நான் தொட்டே இருக்கமாட்டனுங்களே...”

குவியலிலிருந்து ஒரு அருகுக் கொடியை உருவி எடுத்தாள். பிறகு சொன்னாள்.

“எப்படி அழியும்னு தெரிஞ்சவளுக்கு, எப்படி வரும்னு தெரியாதுங்களா? ரெண்டு அமாவாசை பொறுங்க அம்மிணி. நானே வெச்சுத் தாரேன்.”

மறுநாள் விடியற்காலையிலேயே அரிவாளோடு வந்துவிட்டாள். பிடுங்கிப் போட்ட அருகையெல்லாம் இரண்டு கணு, மூன்று கணுவாக நறுக்கினாள். சாணத்திலும் செம்மண்ணிலும் போட்டுக் குழைத்து, சுவருக்குப் பூசுவது போலத் தரையெல்லாம் பூசினாள். நடுநடுவே தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். “பண்ணைக்காரங்க பார்த்தாங்கன்னா எனக்குப் பைத்தியம்னு சொல்லுவாங்க” என்றாள்.

வள்ளி வீடு வீடாகப் போய்க் கூட்டத்தை ஐப்பசிக்குத் தள்ளிவைத்தாள். கிளப்பில் என் நண்பர்கள், “என்னங்க வக்கீல், சங்கம் முளைச்சுருச்சுங்களா?” என்று தினமும் கேட்டார்கள்.

அந்த இரண்டு மாதத்தில், குப்புறப் படுத்தும் எனக்குப் பிடிபடாததெல்லாம் ராமாயி போகிற போக்கில் சொன்னதில் பிடிபட்டது. லான் வைக்கிற பைத்தியம் உங்களில் யாருக்காவது இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். உருளாமல் மூன்று பட்டையாக இடறினால் அது கோரை. மேலே கிள்ளினால் அதற்குக் கொண்டாட்டம். ஈரம் இருக்கும்போது அடியில் குத்திக் கிழங்கோடு எடுக்க வேண்டும். கிழங்கிலிருந்து நூல் மாதிரி ஒன்று ஓடும். அதன் மறு கோடியில் இன்னொரு கிழங்கு இருக்கும், அதையும் விடக்கூடாது. கதிர் காக்காயின் கால் போல விரிந்தால் அது காக்காய்க்கால் புல். விதை முற்றுவதற்குள் வேரோடு பறித்துவிட வேண்டும். வேட்டியில் ஊசியாகக் குத்தி ஒட்டிக்கொண்டு வருவது ஊசிப்புல். அதைக் கண்டுபிடிக்க நீங்கள் சிரமப்பட வேண்டாம், அதுவே உங்களைக் கண்டுபிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, தரையில் சொட்டை விழக்கூடாதாம். அருகு நெருக்கமாக இருந்தால் மற்றது எதுவும் தலைகாட்டாது. “இதைப் போய் நானே சொல்றனே சாமி” என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

புரட்டாசி மழையில் அருகு பிடித்துக்கொண்டது. ஐப்பசி பிறந்தபோது வாசல் முழுவதும் பச்சை.

போன வெள்ளிக்கிழமை கூட்டம் நடந்தது. ஆண்களுக்கு அனுமதி இல்லை. நான் ஆபீஸ் அறை ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினைந்து பேர் வந்து புல்லில் உட்கார்ந்தார்கள். அவர்களில் பழனியம்மாளும் ஒருவர். எந்த வீட்டுக்காரி எந்த வீட்டுக்காரிக்குப் பக்கத்தில் என்று ஒருவரும் பார்த்ததாகத் தெரியவில்லை. என் மார்பு கொஞ்சம் நிமிர்ந்தது.

ராமாயி கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வள்ளி அவளைப் பார்த்துவிட்டாள்.

“ராமாயக்கா, அங்க ஏன் நிக்கறீங்க? வந்து உக்காருங்க.”

‘அக்கா’ என்றதும் இரண்டு மூன்று தலைகள் சட்டென்று திரும்பின. “நான் இப்படியே நின்னுக்கறேனுங்க அம்மிணி” என்றாள் ராமாயி. எல்லோருடைய பார்வையும் பழனியம்மாள் பக்கம் போனது. அவர் எழுந்துவிடுவாரா? எழுந்தால் சங்கம் அத்தோடு முடிந்தது.

பழனியம்மாள் புல்லைத் தடவிப் பார்த்தார். பிறகு ராமாயியைப் பார்த்தார்.

“ஏம்புள்ள ராமாயி, இந்த அருகு நீ வெச்சதா?”

“ஆமாங்க.”

“எங்க காட்டுல எடுக்கச் சொன்னா முக்குவே, மொனகுவே! இங்க வந்து குந்தவெச்சு வளத்தியாக்கும்?”

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பழனியம்மாளும் சிரித்துவிட்டு, தன் பக்கத்துத் தரையைத் தட்டினார்.

“வா, இப்படி வந்து உக்காரு. இதை எப்படி வெச்சேன்னு சொல்லு, கேப்போம்.”

ராமாயி உட்கார்ந்தாள்.

பிறகு வள்ளி பத்திரிகை படித்தாள். கேள்வி கேட்டார்கள். வாதாடினார்கள். பொழுது சாய்கிற வரை ஒருவரும் எழவில்லை. எல்லோருடைய வலது கையும் முழங்காலுக்குப் பக்கத்தில் ஏதோ செய்துகொண்டே இருந்ததைக் கவனித்தேன். முதல் கூட்டம், கூச்சமாக இருக்கும் என்று நினைத்தேன்.

எல்லோரும் போன பிறகு வெளியே வந்தேன்... தலையில் கை வைத்துக்கொண்டேன்!

லான் முழுவதும் வட்ட வட்டமாக வழுக்கை. ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில் கணுவோடு பிடுங்கிய அருகம்புல் சின்னக் குவியலாக, ஒழுங்காக அடுக்கியிருந்தது. எல்லோரும் காட்டுக்காரப் பெண்கள் அல்லவா? காது பத்திரிகையைக் கேட்டிருக்கிறது, கை அதன் பாட்டுக்குக் களை எடுத்திருக்கிறது. நடுவில் இருந்த பெரிய வட்டம் சங்கத் தலைவி வள்ளியம்மாளுடையது!

வள்ளி வட்டங்களை எண்ணினாள். “பதினேழுங்க! கடைசி வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கவே இல்லீங்க!” என்றாள். அவள் முகத்தைப் பார்த்தபோது, எனக்கு வந்த கோபம் வந்த வழியே போய்விட்டது.

இருந்தாலும் இரண்டு மாதத்தில் கொஞ்சம் கற்றுக்கொண்டவன் அல்லவா? ஒரு வட்டம் மட்டும் தனியாகத் தெரிந்தது. மண்ணைக் கிளறி, ஒரு வேர்கூட மிச்சம் வைக்காமல், அவ்வளவு சுத்தம்.

“இது ராமாயி உட்கார்ந்த இடம். கைவேலையைப் பார்த்தாலே தெரிகிறதே!” என்றேன்.

“அது பழனியம்மாளக்கா உக்காந்த எடமுங்க” என்றாள் வள்ளி. “ராமாயக்காவோடது அதை ஒட்டினாப்பல இருக்குது பாருங்க.”

பார்த்தேன். இரண்டு வட்டமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. நடுவில் பிரித்துச் சொல்ல ஒரு புல்கூட இல்லை.

லான் போனால் போகிறது, இன்னொரு தடவை வைத்துக்கொள்ளலாம்!