கடைசி வரியை வாசிக்காத பிள்ளை

சுனாமிக்குப் பிறகு பெரியகல்லாற்றில் எங்கள் பள்ளிக்கூடம் தறப்பாள் கூரை போட்ட ஒரு கொட்டிலில் மீண்டும் தொடங்கியது. நான் ஆண்டு இரண்டுக்குப் படிப்பித்தேன். புத்தகங்கள் கடலோடு போயிருந்தன. கரும்பலகையில் வட்டக் கதை எழுதித்தான் வாசிப்புப் படிப்பித்தேன்.

வட்டக் கதை என்றால், தொடங்கிய இடத்திலேயே முடிகிற கதை. பெரிய வட்டம் ஒன்று கீறி, அதைச் சுற்றிப் படங்களும் வரிகளும் போடுவோம். முதல் வரியும் கடைசி வரியும் ஒன்றுதான். எழுத்துக்கூட்டத் திணறுகிற பிள்ளையும் கடைசி வரியைத் துணிந்து வாசித்துவிடும்.

அன்றைய கதை ஒரு நண்டைப் பற்றியது. 'நண்டு வீட்டில் இருந்தது' என்று தொடங்கும். நண்டு வாவியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பும். தர்சினி என்ற பிள்ளை எல்லா வரியையும் தடங்காமல் வாசித்தாள். கடைசி வரியில் நின்றுவிட்டாள்.

"வாசி புள்ள."

"அலை வந்தா அங்க வீடு இரிக்காது டீச்சர்."

அவள் தாயை அலை கொண்டுபோயிருந்தது. தகப்பனோடு முகாமில் இருந்தாள்.

அதிபர் கவலைப்பட்டார். "வாசிப்புப் பார்க்க ஆக்கள் வரப்போறாங்க டீச்சர். இப்பிடி நிண்டா, வாசிக்கத் தெரியாத பிள்ளையெண்டு எழுதிப்போட்டுப் போயிருவாங்க. வற்புறுத்தியாவது வாசிக்க வையுங்க."

நான் வற்புறுத்தவில்லை. என் அம்மாவும் அக்காவும் அதே அலையில் போனவர்கள். அந்த வரியை என்னாலும் சத்தமாக வாசிக்க முடியவில்லை.

பள்ளி விட்டதும் தர்சினி போகாமல் நின்றாள்.

"நீங்க எங்க போவீங்க டீச்சர்?"

"தேற்றாத்தீவில ஒரு ரூம் இரிக்கு."

"அங்க ஆரு இரிக்கா?"

"ஒருத்தரும் இல்ல புள்ள."

அடுத்த நாள் அவளே கதை சொன்னாள். நான் வட்டத்தைச் சுற்றி எழுதினேன். 'டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு வந்தா. பிள்ளைகள் வந்தாங்க. மணி அடிச்சிது. எல்லாரும் போனாங்க. டீச்சர் தனிய இருந்தா. விடிஞ்சிது.'

பிறகு வாசிக்கச் சொன்னேன். விரலால் வரிவரியாகத் தொட்டுக்கொண்டு வந்தவள், நிற்காமல் கடைசி வரியையும் வாசித்தாள். "டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு வந்தா."

பார்க்க வந்தவர்கள் முன்னும் அதையே வாசித்தாள். சில மாதத்தில் தகப்பன் அவளை வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் உறவினர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதன் பிறகு நான் அவளைக் காணவில்லை. அவள் இருந்த இடத்தில் வேறு பிள்ளை வந்து இருந்தது. மாலையில் நான் பஸ் ஏறி அந்த அறைக்குத்தான் போனேன்.

யுத்தம் முடிந்தபோது இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளுக்கும் வட்டக் கதை படிப்பித்தேன். இப்போது முதல் வரியை நான் எழுதுவதில்லை. "எங்கயிருந்து தொடங்குவம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். திரும்பி வர எந்த இடம் மிச்சம் இருக்கிறது என்பது பிள்ளைக்குத்தான் தெரியும். ஒரு பிள்ளை, "தண்ணி எடுக்கிற குழாயடி" என்றது. அதைத்தான் எழுதினேன்.